ஐம்பது ஆண்டு பொறுத்த மண்

பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிசைந்து பார்த்திருப்பீர்கள். ஈரமாக இருக்கும்போது விரல் பட்ட இடத்தில் குழி விழும். நிழலில் நாலு நாள் காய்ந்துவிட்டால் நகத்தால் கீறினாலும் கோடு விழாது. கிணற்றிலோ குளத்திலோ கரைத்துவிட்டால் அதே மண் கஞ்சியைப் போல ஆகிவிடும். ஒரே மண்தான். ஆனால் ஒரு நாள் வெண்ணெய், ஒரு நாள் கல், ஒரு நாள் கஞ்சி!

இந்த மாற்றத்துக்கெல்லாம் காரணம் எது? "தண்ணீர்" என்று உடனே சொல்வீர்கள். விடை சரிதான். ஆனால் பாதி விடைதான். மண்ணுக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அந்தத் தண்ணீர் மண்துகள்களை விலக்கித் தள்ளுகிறதா, அல்லது ஒன்றோடொன்று சேர்த்து இழுக்கிறதா என்பது இன்னொரு கேள்வி. இந்த இரண்டாவது கேள்வியின் அருமை பொறியியலாளர்களுக்குப் புரிய நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் பல ரயில் பாதைகள் மண்ணில் புதைந்தன. பல சுவர்கள் சாய்ந்தன.

அந்தக் கதை நடந்த இடம் லண்டன் மாநகரம்.

நின்றது பல ஆண்டு, விழுந்தது ஒரு நாள்

லண்டன் நகரின் பெரும்பகுதி ஒரு கெட்டிக் களிமண் படிவத்தின் மேல் அமர்ந்திருக்கிறது. அதற்கு 'லண்டன் களிமண்' என்றே பெயர். ஆழத்தில் நீலம் கலந்த சாம்பல் நிறம். மேற்பரப்புக்கு அருகே காற்றும் மழையும் பட்டுப் பழுப்பு நிறம். சில இடங்களில் இதன் கனம் 150 மீட்டர் வரை இருக்கிறது.

1830-களில் இங்கிலாந்தில் ரயில் பாதைகள் மும்முரமாகப் போடப்பட்டன. ரயில் வண்டி செங்குத்தாக ஏறி இறங்க முடியாது அல்லவா? எனவே மேடான இடங்களில் நிலத்தை ஆழமாக வெட்டி, அந்தப் பள்ளத்தின் அடியில் தண்டவாளம் பதித்தார்கள். பள்ளத்தின் இரு பக்கமும் மண்சரிவு நிற்கும். லண்டனிலிருந்து கிராய்டன் போகும் பாதையில், நியூ கிராஸ் என்ற இடத்தில் இப்படி ஒரு ஆழமான பள்ளம் வெட்டினார்கள். 1839-ஆம் ஆண்டு பாதை திறக்கப்பட்டது. இரண்டு ஆண்டுக்கு மேல் ஒரு குறையும் இல்லை. 1841 நவம்பரில் ஒரு நாள் சரிவு அப்படியே நழுவிப் பாதையை மூடிவிட்டது. பல்லாயிரம் கன மீட்டர் மண்! அதை அள்ளி முடிக்கும் வரை ரயில் போக்குவரத்து நின்றது.

இரண்டு ஆண்டு பொறுத்த மண் ஏன் அன்று விழுந்தது? மழை என்றார்கள். மழை அதற்கு முன்னும் பெய்துதானே இருந்தது!

இதைவிட விந்தையான சம்பவங்கள் பின்னால் நடந்தன. நார்தோல்ட் என்ற இடத்தில் 1936-இல் வெட்டிய சரிவு 1955-இல் நழுவியது. கென்சல் கிரீன் என்ற இடத்தில் 1912-இல் பள்ளம் வெட்டி, மண்ணைத் தாங்க ஒரு சுவரும் கட்டியிருந்தார்கள். அது 1941-இல் முறிந்தது. சட்பரி ஹில் என்ற இடத்தில் சுமார் 1900-இல் வெட்டிய சரிவு 1949-இல் சரிந்தது. 19 ஆண்டு, 29 ஆண்டு, 49 ஆண்டு!

சற்று யோசித்துப் பாருங்கள். ஒரு பாலம் பலவீனமாக இருந்தால் முதல் வண்டி ஏறும்போதே தெரிந்துவிடும். நாற்காலிக்குக் கால் சரியில்லை என்றால் உட்கார்ந்ததும் தெரியும். ஆனால் இந்த மண், வெட்டிய அன்று உறுதியாக நின்றது. மறுநாளும் நின்றது. வெட்டிய தொழிலாளிகள் கிழவர்களான பிறகு, யாரும் தொடாமலே, பாரம் ஏதும் கூடாமலே விழுந்தது. இதற்கு என்ன பொருள்? பாரம் கூடவில்லை என்றால் மண்ணின் வலிமைதான் குறைந்திருக்க வேண்டும். சத்தமில்லாமல், ஆண்டுக்கு ஆண்டு, உள்ளே ஏதோ குறைந்துகொண்டே வந்திருக்க வேண்டும்.

அது என்ன?

துணியில் கட்டிய தயிர்

முதலில் இந்தக் களிமண் எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம்.

சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இன்றைய லண்டன் இருக்கும் இடம் வெப்பமான ஒரு கடல். அந்தக் கடலோரத்தில் நிப்பா என்னும் பனை இனம் வளர்ந்தது. இன்று அதை இலங்கையின் கழிமுகங்களிலும் வங்கத்தின் சுந்தரவனத்திலும் காணலாம். அதன் காய்கள் கல்லாக மாறி லண்டன் களிமண்ணில் இன்றும் கிடைக்கின்றன. ஆறுகள் அடித்து வந்த நுண்ணிய மண் அந்தக் கடலடியில் மெல்ல மெல்லப் படிந்தது.

களிமண் துகள் மிக மிகச் சிறியது. அதன் அகலம் ஒரு மில்லிமீட்டரில் 500-இல் ஒரு பங்குக்கும் குறைவு. மணலைப் போல உருண்டையாகவும் இராது. சீட்டுக்கட்டில் உள்ள சீட்டைப் போலத் தட்டையாக இருக்கும். இந்தத் தகடுகள் கடலடியில் படிந்தபோது அவற்றின் இடையே நிறையத் தண்ணீர் இருந்தது. அப்போது அது வெறும் சேறு.

அந்தச் சேற்றின் மேல் மேலும் மேலும் மண் படிந்தது. பாரம் கூடியது. தயிரைத் துணியில் கட்டி, அதன் மேல் அம்மிக் குழவியை வைத்தால் என்ன ஆகும்? தண்ணீர் வடிந்து தயிர் கெட்டியாகும். இங்கே நடந்ததும் அதுதான். தண்ணீர் பிழியப்பட்டது. தகடுகள் நெருங்கின. சேறு கெட்டியாயிற்று.

பின்னர் நிலம் உயர்ந்தது. மழையும் ஆறுகளும் மேலே இருந்த படிவங்களை அரித்துக்கொண்டு போயின. லண்டன் பகுதியில் இவ்வாறு அரிக்கப்பட்ட மண்ணின் உயரம் 150 மீட்டருக்குக் குறையாது என்று நிலவியலார் மதிப்பிடுகிறார்கள். ஒரு கன மீட்டர் களிமண்ணின் எடை சுமார் 2 டன். அது நீரில் மூழ்கியிருக்கும்போது நீரின் மிதப்பு விசையால் சுமார் 1 டன்னாகத் தோன்றும். எனவே 150 மீட்டர் உயர மண், கீழே உள்ள ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 150 டன் பாரமாக அழுத்தியிருக்கும். ஒரு யானைக்கு 5 டன் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர மீட்டரில் 30 யானைகள்!

இப்போது அந்தப் பாரம் இல்லை. ஆனால் பாரத்தை எடுத்துவிட்டதால் மண் பழைய சேறாகிவிடவில்லை. குழவியை எடுத்ததும் கட்டித்தயிர் மறுபடியும் பழைய தயிராகிவிடுமா? சிறிது பருக்கும், அவ்வளவுதான். களிமண்ணும் அப்படியே. தான் சுமந்த பெரும் பாரத்தின் நினைவை அது தன் நெருக்கத்திலேயே வைத்திருக்கிறது. அதனால்தான் அது கெட்டிக் களிமண். அதை மண்வெட்டியால் எளிதில் தோண்ட முடியாது. ஆனால் கடப்பாறையால் பெயர்த்தால் கட்டி கட்டியாக வரும். பெயர்ந்த முகம் ஒன்றும் ஆகாமல் செங்குத்தாக நிற்கும்.

இந்தக் குணம் சுரங்க வேலைக்கு வரமாக அமைந்தது. 1890-இல் லண்டனில் ஆழ்சுரங்க மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், அந்த நகரத்தின் அடியில் குழாய்களைப் போலச் சுரங்கங்கள் பெருகியதும் இந்தக் களிமண்ணின் தயவால்தான். தோண்டிய துளை, உள்வளையம் பொருத்தும் வரை தானாகவே நிற்கும். 2022-இல் திறக்கப்பட்ட எலிசபெத் பாதையின் சுரங்கங்களிலும் பெரும்பகுதி இந்த மண்ணில் குடைந்தவையே.

அப்படியானால் இவ்வளவு உறுதியான மண் ரயில் பாதைச் சரிவில் மட்டும் ஏன் காலை வாரியது?

காப்பித்தூள் பொட்டலம் சொல்லும் பாடம்

கடைகளில் காற்றை உறிஞ்சி எடுத்து அடைத்த காப்பித்தூள் பொட்டலம் கிடைக்கும். அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். செங்கல்லைப் போல இருக்கும். தட்டினால் ஓசை எழும். நிமிர்த்தி வைத்தால் நிற்கும். இப்போது ஓர் ஊசியால் அதில் குத்துங்கள். "புஸ்" என்று காற்று உள்ளே போகும். பொட்டலம் தளர்ந்து தலையணையைப் போல ஆகிவிடும்.

உள்ளே இருப்பது அதே தூள். அதே எடை. அப்படியானால் முன்பு இருந்த உறுதி எங்கிருந்து வந்தது? பொட்டலத்தின் உள்ளே காற்றழுத்தம் குறைவு. வெளியே வளிமண்டலத்தின் அழுத்தம். வெளி அழுத்தம் தூளை நெருக்கியது. தூள்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டன. இறுக்கம் கூடினால் உராய்வு கூடும். உராய்வு கூடினால் நழுவாது. காற்று உள்ளே போனதும் இறுக்கம் போயிற்று. உறுதியும் போயிற்று.

மண்ணிலும் இதே விதிதான். மண்ணின் மேல் வரும் பாரத்தை இரண்டு பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஒருவர் மண்துகள். மற்றவர் துகள்களின் இடையே உள்ள நுண்துளை நீர். நீர் தாங்கும் பங்கு உறுதிக்கு உதவாது. ஏனென்றால் நீருக்கு உராய்வு இல்லை. துகளும் துகளும் அழுத்திக்கொள்ளும் பங்குதான் உறுதி தரும். அந்தப் பங்கைப் 'பயனுறு அழுத்தம்' என்கிறோம். இதைக் கண்டுபிடிப்பது எளிது. மொத்த அழுத்தத்திலிருந்து நுண்துளை நீரின் அழுத்தத்தைக் கழித்தால் போதும்.

ஒரே ஒரு கழித்தல் கணக்கு! ஆனால் மண் இயலின் அடிவேர் இதுதான். இதைத் தெளிவாக எடுத்துரைத்தவர் கார்ல் தெர்சாகி என்ற பொறியியலாளர். 1883-இல் பிராக் நகரில் பிறந்தவர். முதல் உலகப் போருக்குப் பிறகு இஸ்தான்புல் நகரில் ஒரு கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். அங்கே கிடைத்த எளிய பொருட்களைக் கொண்டே கருவிகள் செய்து, களிமண்ணை அழுத்தி அழுத்திச் சோதித்தார். 1925-இல் வியன்னாவில் அவர் வெளியிட்ட நூலோடுதான் இன்றைய மண் விசையியல் பிறந்தது என்பார்கள்.

ஐம்பது ஆண்டு எடுக்கும் ஊசித் துளை

இப்போது ரயில் பாதைக்கு வருவோம்.

பத்து மீட்டர் ஆழத்துக்கு மண்ணை வெட்டி எடுக்கிறோம். அதற்குக் கீழே இருந்த களிமண்ணின் மேல் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 20 டன் பாரம் திடீரென்று குறைகிறது. பாரம் குறைந்ததும் களிமண் பருக்க முயல்கிறது. பருத்தால் துகள்களின் இடையே இடம் கூடும். அந்த இடத்தை நிரப்பத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் உடனே வருமா?

வராது. களிமண்ணின் துளைகள் அவ்வளவு நுண்ணியவை. லண்டன் களிமண்ணின் ஊடே நீர் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அளவுதான் ஊர்ந்து செல்லும். நத்தை கூட இதற்கு முன்னால் ஆகாய விமானம்!

ஆக, களிமண் பருக்க முயல்கிறது, ஆனால் முடியவில்லை. உள்ளே இருக்கும் நீர் இழுபடுகிறது. அதன் அழுத்தம் குறைகிறது. வளிமண்டல அழுத்தத்துக்கும் கீழே போய்விடுவதும் உண்டு. அதாவது நீர் உறிஞ்சுகிறது, துகள்களை ஒன்றுசேர்த்து இழுக்கிறது. காப்பித்தூள் பொட்டலத்தின் நிலை இதுதானே! அதனால்தான் புதிதாக வெட்டிய சரிவு அவ்வளவு கம்பீரமாக நிற்கிறது.

ஆனால் இந்தப் பொட்டலத்தில் ஊசித் துளை உண்டு. மழைநீரும் நிலத்தடி நீரும் மெல்ல மெல்ல உள்ளே ஊர்ந்து வருகின்றன. உறிஞ்சல் குறைகிறது. நீரின் அழுத்தம் ஏறுகிறது. நம் கழித்தல் கணக்கில் கழிக்கப்படும் எண் பெரிதாகிக்கொண்டே போகிறது. மிச்சம் குறைகிறது. துகள்களின் பிடி தளர்கிறது. இது முடியப் பத்து ஆண்டு ஆகலாம், ஐம்பது ஆண்டும் ஆகலாம். காப்பித்தூளுக்கு ஒரு நொடி. களிமண்ணுக்கு ஒரு மனிதனின் வாழ்நாளில் பாதி!

இது வெறும் ஊகம் என்று நினைக்காதீர்கள். லண்டனை அடுத்த எட்ஜ்வேர்பரி என்ற இடத்தில் நெடுஞ்சாலைக்காக வெட்டிய ஒரு சரிவில், நுண்துளை நீரின் அழுத்தத்தை அளந்து பார்த்தார்கள். வெட்டிப் பல ஆண்டுகள் ஆன பின்னும் அங்கே நீரழுத்தம் தன் இறுதி அளவை எட்டவில்லை. இந்த அளவுகளை வாகன், வால்பாங்க் என்ற இரு ஆய்வாளர்கள் 1973-இல் வெளியிட்டார்கள். நாட்பட்ட சரிவுகளின் மர்மத்துக்கு அது ஒரு முக்கியமான திறவுகோல்.

தன்னைத் திருத்திக்கொண்ட விஞ்ஞானி

ஆனால் இந்த விடை ஒரே நாளில் கிடைத்துவிடவில்லை. அதற்கு முன்பே பலர் இந்தப் புதிரோடு மல்லுக்கட்டினார்கள்.

பிரான்சில் அலெக்சாந்தர் கொலான் என்ற பொறியியலாளர் கால்வாய்க் கரைகள் சரிவதைக் கூர்ந்து கவனித்தார். மண் நேர்கோட்டில் நழுவுவதில்லை, கிண்ணத்தின் உட்புறத்தைப் போல வளைந்த பரப்பில் நழுவுகிறது என்று அளந்து காட்டினார். 1846-இல் அதை நூலாகவும் வெளியிட்டார். ஆனால் அவரை உலகம் நூறு ஆண்டு மறந்திருந்தது.

1936-இல் தெர்சாகி இன்னொரு உண்மையைச் சுட்டிக் காட்டினார். கெட்டிக் களிமண் முழுப் பாளமாக இருப்பதில்லை. அதில் எண்ணற்ற நுண்வெடிப்புகள் இருக்கின்றன. ஒரு கட்டியைக் கையில் எடுத்து உடைத்தால் அது அந்த வெடிப்புகளின் வழியாகவே பிளக்கும். பாரம் குறைந்ததும் இந்த வெடிப்புகள் சற்றே திறக்கின்றன. நீர் புகுகிறது. வெடிப்பின் இரு முகங்களும் ஊறி மென்மையாகின்றன. பிறகு அந்த மென்மை உள்ளே பரவுகிறது.

இதிலிருந்து நமக்கு ஒரு பாடம் உண்டு. சோதனைச் சாலைக்குக் கொண்டு வரும் மாதிரி கை நீளம்தான் இருக்கும். அதில் பெரிய வெடிப்புகள் அகப்படாமல் போகலாம். அதைச் சில நிமிடங்களில் அழுத்தி உடைத்துப் பார்த்தால் கிடைப்பது, வெட்டிய அன்றைய வலிமை. அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் லண்டன் சரிவுகள் எல்லாமே பத்திரமானவை! உண்மையில் விழுந்த சரிவுகளை அளந்து, விழும் வேளையில் மண்ணுக்கு எவ்வளவு வலிமை இருந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டபோது, அது சோதனைச் சாலை எண்ணைவிடப் பல மடங்கு குறைவாக இருந்தது.

இந்தப் பின்னோக்கிய கணக்குகளில் தேர்ந்தவர் லண்டன் இம்பீரியல் கல்லூரிப் பேராசிரியர் அலெக் ஸ்கெம்ப்டன் (1914–2001). 1964-இல் அவர் ஆற்றிய புகழ்பெற்ற உரை ஒன்றில் 'எஞ்சிய வலிமை' என்ற கருத்தை முன்வைத்தார்.

அது என்ன? புத்தகத்தின் மேல் ஒரு ரப்பரை வைத்து, புத்தகத்தை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் ரப்பர் நழுவும். அதுதான் உராய்வுக் கோணம். கெட்டிக் களிமண்ணுக்கு இந்தக் கோணம் முதலில் சுமார் 20 டிகிரி. அதோடு துகள்களின் சிறு பிணைப்பும் உண்டு. ஆனால் மண் ஒரு முறை நழுவத் தொடங்கிவிட்டால், கலைந்து கிடந்த தட்டையான துகள்கள் எல்லாம் நழுவும் திசையில் படுத்துவிடுகின்றன. சீட்டுக்கட்டை மேசையில் வைத்து உள்ளங்கையால் தள்ளினால் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் போகுமே, அதைப் போல. அந்தப் பரப்பைத் தோண்டி எடுத்துப் பார்த்தால் மெழுகியதைப் போலப் பளபளக்கும். அங்கே பிணைப்பும் போய்விடும். கோணமும் 13 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். இதுதான் எஞ்சிய வலிமை.

நாட்பட்ட சரிவுகளில் மண்ணின் வலிமை கொஞ்சம் கொஞ்சமாக இந்த எஞ்சிய அளவை நோக்கி இறங்குகிறது என்று ஸ்கெம்ப்டன் 1964-இல் கருதினார். ஆனால் மேலும் தகவல்கள் சேரச் சேர, அவரே தம் கருத்தை மாற்றிக்கொண்டார். 1977-இல் டோக்கியோ மாநாட்டில் பேசும்போது, முதல் முறையாக நழுவும் சரிவில் மண் அவ்வளவு தூரம் வலிமை இழப்பதில்லை என்றார். ஊறி மென்மையான நிலை வரைதான் இறங்குகிறது. இத்தனை ஆண்டுத் தாமதத்துக்கு முக்கிய காரணம், நீரழுத்தம் ஏற எடுத்துக்கொள்ளும் காலமே. எஞ்சிய வலிமை என்பது முன்பே ஒரு முறை நழுவிய மண்ணுக்கு உரியது.

தம் பெயரால் அறியப்பட்ட கருத்தைத் தாமே திருத்துவதற்கு எவ்வளவு நேர்மை வேண்டும்! விஞ்ஞானம் வளர்வது இப்படித்தான்.

1997-இல் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் கணிப்பொறியில் ஒரு சரிவை உருவாக்கி, வெட்டிய நாள் முதல் பல பத்தாண்டுகள் அதை ஓடவிட்டுப் பார்த்தார்கள். அதில் இன்னொரு நுட்பம் தெளிந்தது. மண் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் முறிவதில்லை. முதலில் சரிவின் அடிவாரத்தில் ஒரு சிறு பகுதி உச்ச வலிமையைக் கடந்து தளர்கிறது. அது சுமந்த பாரம் பக்கத்துப் பகுதியின் மேல் விழுகிறது. அதுவும் தளர்கிறது. பத்துப் பேர் சேர்ந்து ஒரு தூணைத் தாங்கி நிற்கும்போது ஒருவர் கை தளர்ந்தால் என்ன ஆகும்? அவர் பங்கு அடுத்தவர் தோளில். அடுத்தவர் தளர்ந்தால் மூன்றாமவர் தோளில். கடைசியில் ஒரு கணத்தில் எல்லாம் விழும். பார்ப்பவருக்கு அது திடீர் விபத்து. மண்ணுக்கோ அது பல ஆண்டு வேலையின் முடிவு.

பழைய காயம் ஆறுவதில்லை

முன்பு நழுவிய மண்ணுக்கு எஞ்சிய வலிமைதான் உண்டு என்றோம் அல்லவா? இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதியில் கார்சிங்டன் என்ற இடத்தில் ஒரு மண் அணை கட்டினார்கள். 1984 ஜூனில் வேலை ஏறக்குறைய முடிந்த தறுவாயில், அணையின் ஒரு பக்கம் பல நூறு மீட்டர் நீளத்துக்கு நழுவிவிட்டது. நல்ல வேளையாக நீர்த்தேக்கம் அப்போது நிரப்பப்படவில்லை. ஆராய்ந்தபோது, அணையின் அடியில் மஞ்சள் களிமண் படலம் ஒன்று அகற்றப்படாமல் இருந்தது தெரிந்தது. அதில் நெடுங்காலத்துக்கு முன்பே நழுவிய பரப்புகள் இருந்தன. அந்தப் பழைய காயம் ஆறவே இல்லை. முறிவுக்கு அதுவும் முக்கிய காரணமாயிற்று. பின்னர் அணையை மாற்றி அமைத்துக் கட்டி 1992-இல் திறந்தார்கள்.

என்ன செய்யலாம்?

இயற்கையே நமக்கு ஒரு விடை எழுதி வைத்திருக்கிறது. லண்டன் களிமண்ணில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அமைதியாக நிற்கும் குன்றுச் சரிவுகளின் சாய்வு சுமார் 10 டிகிரிதான். ஏன் 20 இல்லை? மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேற்பரப்பு வரை ஏறி நிற்கும். அப்போது பாரத்தில் சரிபாதியை நீர் ஏந்திக்கொள்கிறது. நழுவச் செய்யும் விசை குறையாது, தடுக்கும் உராய்வு மட்டும் பாதியாகிவிடுகிறது. எனவே தாங்கும் சாய்வும் ஏறத்தாழப் பாதி! நார்தோல்டில் வெட்டிய சரிவின் சாய்வு 22 டிகிரி அளவில் இருந்தது. அது நின்ற 19 ஆண்டும் உறிஞ்சலிடம் வாங்கிய கடன்.

எல்லா இடத்திலும் 10 டிகிரிச் சரிவு வெட்ட முடியாது. நிலம் நிறைய வீணாகும். எனவே வேறு வழிகளும் உண்டு. சரிவில் மேலிருந்து கீழாக வாய்க்கால்கள் வெட்டி, அவற்றில் சரளைக் கற்களை நிரப்பினால் நீர் வடிந்து அழுத்தம் ஏறாமல் இருக்கும். அடிவாரத்தில் கல்லும் மண்ணும் கொட்டிப் பாரம் வைக்கலாம். சரிவின் ஊடே கான்கிரீட் தூண்களை ஆழமாக இறக்கலாம். மண்ணுக்குள் அழுத்தமானிகளைப் புதைத்து, நீரழுத்தம் எங்கே எவ்வளவு ஏறுகிறது என்று ஆண்டுதோறும் குறித்துவரலாம். மரங்களும் வேர்களால் நீரை உறிஞ்சி உதவுகின்றன. ஆனால் கோடையில் மண் சுருங்கி, மாரியில் பருத்து, மேலே உள்ள தண்டவாளத்தை ஏற்றி இறக்கும் தொல்லையும் அவற்றால் உண்டு.

மண்ணும் பல நேரங்களில் எச்சரிக்கை கொடுத்த பிறகே விழுகிறது. கென்சல் கிரீன் சுவர் முறிவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே மெல்ல நகர்ந்து கொண்டுதான் இருந்தது. சரிவின் உச்சியில் வளைந்த வெடிப்பு, அடிவாரத்தில் வீக்கம், சாய்ந்த வேலிக்கல் அல்லது மரம், முன்பு இல்லாத இடத்தில் கசிவு: இவையெல்லாம் மண் பேசும் மொழி. இவற்றைக் கண்டால் அந்த இடத்தில் நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். உடனே விலகிப் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

"இத்தனை ஆண்டு நின்றதே, இனி என்ன ஆகப் போகிறது?" என்று யாராவது சொன்னால், சட்பரி ஹில் சரிவை நினைத்துக்கொள்ளுங்கள். 48-ஆம் ஆண்டில் அதைப் பார்த்தவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

செய்து பாருங்கள்

தேவையானவை: களிமண், மெழுகுவர்த்தி, இரண்டு கண்ணாடி டம்ளர்கள், தண்ணீர், ஊசி.

எலுமிச்சை அளவில் ஒரே மாதிரி இரண்டு உருண்டைகள் பிடித்து நன்றாகக் காய வையுங்கள். பெரியவர் ஒருவரின் உதவியோடு ஓர் உருண்டையின் மேல் உருகிய மெழுகை இடைவெளி இல்லாமல் பூசுங்கள். மெழுகு ஆறியதும் ஒரே ஒரு இடத்தில் ஊசியால் துளையிடுங்கள். இரண்டையும் தனித்தனி டம்ளர் நீரில் இட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மெழுகு பூசாத உருண்டை எப்போது உதிரத் தொடங்குகிறது? மற்றது எவ்வளவு நேரம் தாங்குகிறது? அரை மணிக்கு ஒரு முறை துளையைச் சுற்றி விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். மென்மை எங்கிருந்து தொடங்கி எப்படிப் பரவுகிறது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள்.

இரண்டு உருண்டையும் ஒரே மண். வேறுபாடு, நீர் உள்ளே போக எடுத்துக்கொண்ட நேரம் மட்டுமே.